ஒரு விரல் காற்று

பலாங்கொடைக்கு மேலே,
தோட்டத்துப் பங்களா.
02.06.2024

கிருஷ்ணராஜ் அவர்களுக்கு,

கோகிலா எழுதுவது. 'உங்கள் மனைவி' என்று போட இப்போது கை வரவில்லை. அதனால் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தப் பள்ளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. கிடைத்தாலும் உங்களோடு பேசியிருக்க மாட்டேன்.

இங்கே வேலை ஒன்றும் கஷ்டமில்லை. வருகிற விருந்தாளிகளுக்குச் சமைக்க வேண்டும், அறைகளைத் துப்புரவாக வைக்க வேண்டும், பொழுது சாயும்போது முன் ஹாலில் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். விருந்தாளிகள் இல்லாத நாளிலும் அடுப்பு எரிய வேண்டுமாம். இல்லாவிட்டால் பலகைத் தரை பூஞ்சணம் பூத்துப்போகுமாம். அந்த அடுப்பினால்தான் இந்தக் கடிதம்.

அது வெளிநாட்டு அடுப்பு. இரும்புப் பெட்டி, முன்பக்கம் கண்ணாடிக் கதவு. விறகு போடுவதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள் மூட்டையில் வருகின்றன, பார்க்க கோழித்தீவனம் மாதிரி இருக்கும். பெலட் என்கிறார்கள். மேலே கொட்டிவிட்டால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக விழுந்து எரிகிறது. பக்கத்தில் ஒரு கம்பி இருக்கிறது. இழுத்தால் உள்ளே ஒரு தட்டு திறந்து காற்று போகும், தள்ளினால் மூடும். புகைக்குழாயிலும் அதே மாதிரி ஒரு தட்டு. எப்படி வைத்தாலும் நெருப்பு வெள்ளையாகச் சீறி எழுந்து மூட்டையை விழுங்கிவிடுகிறது.

பங்களாவைப் பார்த்துக்கொள்கிற நஸ்லின் மிஸ் போன கிழமை வந்து, "கோகிலா, மூட்டை இப்பிடி முடிஞ்சா மொதலாளி பெரியவர் என்னையும் வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு, உன்னையும் நிப்பாட்டிருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சேரும்போது, என் வீட்டுக்காரர் ருவான்வெல்லையில் இறப்பர் சீட் காயவைக்கிற புகைவீட்டை நடத்துகிறவர், எனக்கு நெருப்பு பழக்கம் என்று பீற்றிக்கொண்டது நான்தான். இப்போது முழிக்கிறேன். இந்த வேலை போனால் நான் திரும்ப வேண்டியது உங்கள் லயத்து வீட்டுக்குத்தான். அது எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தட்டை எவ்வளவு திறக்கலாம் என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

கோகிலா


ருவான்வெல்லை.
07.06.2024

கோகிலாவுக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நீ சொன்னால் நான் எழுதாமல் இருந்துவிடுவேனா? போன பிறகு வந்த முதல் கடிதத்தில் ஒரு நலம் விசாரிப்பு கிடையாது. அடுப்புக்கு மட்டும் நான் வேண்டும். சரி, அதற்காவது வேண்டியிருக்கிறதே.

உன் அடுப்புக்கு வியாதி ஒன்றுமில்லை. அது காற்றைத் தின்கிறது. காற்றைத் தின்கிற நெருப்பு விறகையும் தின்னும். நம் புகைவீட்டில் நான் என்ன செய்கிறேன் என்று இத்தனை வருஷம் பார்த்தவள்தானே நீ? கீழ்க் கதவை ஒரு விரல் அகலம் விட்டு அடைத்துவிடுவேன். மேலே கூரை ஜன்னலையும் பாதி சாத்திவிடுவேன். நெருப்பு தூங்க வேண்டும், சாகக் கூடாது. அப்படித் தூங்கினால்தான் இறப்பர் சீட்டெல்லாம் தேன் நிறத்துக்கு வரும். உன் கம்பியையும் ஒரு விரல் விட்டுத் தள்ளி வை. குழாய்த் தட்டைப் பாதி மூடு. மூட்டை இரண்டு மடங்கு நாள் வரும். வராவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

இங்கே நிலைமை சொல்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும். சீட்டுப் புரட்ட உள்ளே போகும்போது வாசலில் நிற்க ஆள் இல்லை. நீ நின்றால் புகையில் நான் மயங்கிவிடாமல் அடிக்கடி பெயரைக் கூப்பிடுவாய், நானும் 'இருக்கேன்' என்பேன். லொறி ஓட்டுகிற பளீலை நிற்கச் சொன்னால் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். என் பெயரைக் கூப்பிட அவனுக்கு ஞாபகமே வருவதில்லை. "என்னடா, நான் உள்ள செத்துக் கெடந்தா என்ன செய்வே?" என்றால், "அனே, நீங்க எங்க சாவப் போறீங்க" என்கிறான். நானே உள்ளேயிருந்து 'இருக்கேன், இருக்கேன்' என்று சும்மா சொல்லிக்கொண்டு சீட்டைப் புரட்டுகிறேன். பார்க்கிறவர்கள் எனக்குக் கழன்றுவிட்டது என்பார்கள்.

கி. ராஜ்


பங்களா.
12.06.2024

நீங்கள் எழுதியபடியே செய்தேன். ஒரு விரல் விட்டுக் கம்பியைத் தள்ளினேன். சீறிக்கொண்டிருந்த நெருப்பு அடங்கி, மஞ்சளாகி, சிவந்து, மெதுவாக ஆட ஆரம்பித்தது. நம் புகைவீட்டு நெருப்பே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. பழைய மூட்டை இன்னும் பாதி இருக்கிறது. நஸ்லின் மிஸ் வந்து பார்த்துவிட்டு, "ஒன் மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

கண்ணாடிக் கதவு மட்டும் கறுத்துப்போகிறது. துடைத்தால் மறுநாளும் கறுப்பு. கதவு இறுக்கமாக மூடுவதற்காக அதைச் சுற்றி ஒட்டியிருக்கிற வெள்ளைக் கயிறும் ஒரு பக்கம் கருகிப் பிய்ந்திருக்கிறது. அது பரவாயில்லையா?

வாசலில் நிற்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். யாரால் இல்லை? நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. அன்றைக்கு வழக்கம்போல வாசலில் நின்று உங்கள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தொண்டை போகிற அளவுக்குக் கூப்பிட்டேன். உள்ளே அதிக நேரம் நின்றவர்களுக்குச் சீட்டுகளுக்கு நடுவில் ஒருத்தன் நிற்பது தெரியும் என்பார்களே, அந்த 'நிக்கிறவன்' உங்களுக்குத் தெரிந்துவிட்டான், நீங்கள் அவனோடு நின்றுவிட்டீர்கள் என்றே நினைத்தேன். சேலையை வாயில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்தால், சீட்டு தொங்குகிற கம்புகளுக்குப் பின்னால் நின்று நீங்கள் சிரிக்கிறீர்கள். லொறியில் உட்கார்ந்தபடி பளீலும் சிரித்தான்.

உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அந்தக் கொஞ்ச நேரத்தில் தாலி கழன்று விழுந்துவிட்டது. கூப்பிட்டால் பதில் சொல்லாத மனிதனுக்கு வாசலில் யார் நிற்பார்கள்? சொல்லுங்கள்.

இங்கே மழை. இரண்டு நாளாகத் தலையிடி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. சாப்பாட்டு அறையில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் எல்லாம் வைத்த இடத்தில்தான் இருந்தன. பழைய பங்களா, பலகை ஊதிச் சத்தம் போடும்.

கோகிலா


ருவான்வெல்லை.
16.06.2024

கோகிலாவுக்கு,

விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. நூற்றியோராவது தடவை எழுத்திலும் தந்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நஸ்லின் மிஸ் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னதைப் பளீலிடம் வாசித்துக் காட்டினேன். லயத்தில் பாதிப் பேருக்கு அவனே சொல்லிவிட்டான்.

கண்ணாடி கறுப்பது நல்ல அடையாளம். நெருப்பு ஆழ்ந்து தூங்குகிறது என்று அர்த்தம். நம் புகைவீட்டுச் சுவர் என்ன வெள்ளையாகவா இருக்கிறது? கறுக்காத புகைவீட்டை எவன் மதிப்பான்? கயிற்றைப் பற்றிக் கவலைப்படாதே.

தலையிடி குளிர்காற்றினால் வருகிறது. அந்தப் பங்களாவின் கதவு ஜன்னலெல்லாம் வெள்ளைக்காரத் தொரைமார் காலத்து மரம், இடுக்கு இடுக்காக இருக்கும். நாம் புகைவீட்டுக் கதவுக்குச் செய்கிற மாதிரிச் செய். சாக்கை நனைத்துப் பிழிந்து எல்லா இடுக்கிலும் அடைத்துவிடு. உன் அறையில் தனியாகக் கிடந்து நடுங்காதே. ஹாலில் அடுப்புக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படு. நான் பக்கத்தில் இல்லை. என் நெருப்பாவது பக்கத்தில் இருக்கட்டும்.

பார், வயது போன காலத்தில் என்னென்னவோ எழுதுகிறேன். சிரிக்காதே. நீ போனதிலிருந்து சோறு சோறாகவே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

உன் கி. ராஜ்


பங்களா.
21.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

எத்தனை நாளைக்குப் பிறகு இப்படி எழுதுகிறேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

நீங்கள் சொன்னபடி எல்லா இடுக்கிலும் சாக்கு வைத்தாயிற்று. ஹாலிலேயே படுக்கிறேன். என்ன கதகதப்பு! வெளியே மழையும் மூடுபனியும் கிடக்கட்டும். நம் வீட்டில் படுத்திருக்கிற மாதிரி லேசாகப் புகைமணம் வருகிறது. பகலிலும் எழுந்திருக்க மனம் வருவதில்லை. கால் இரண்டும் பஞ்சு. விருந்தாளிகள் யாரும் இல்லை, மழையினால் வழி சரியில்லை. சாமான் இறக்க வந்த பையன்கள், "அக்கா மொகம் கல்யாணப் பொண்ணு மாதிரி செவந்து கெடக்கு" என்று கேலி செய்தார்கள். அடுப்புப் பக்கத்திலேயே இருப்பதால்தான்.

பங்களாப் பூனை மட்டும் உள்ளே வர மறுக்கிறது. முன்பெல்லாம் அடுப்படியை விட்டு நகராது. இப்போது கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்டாலும் மழையிலேயே நின்று என்னைப் பார்த்துக் கத்துகிறது. அதன் பாட்டுக்குக் கத்தட்டும் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒருவர் இருக்கிறார். தப்பாக நினைக்காதீர்கள். ஹால் முடிந்து சாப்பாட்டு அறைக்குப் போகிற இடத்தில் நிற்கிறார். விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து நிற்பார். முதலில் திரைச்சீலை என்று நினைத்தேன். மேலே சாக்குத்துணி போட்டிருக்கிறார், தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் மாதிரி. முகம் தெரியவில்லை, கரியோ என்னவோ. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நிற்கிறார், அவ்வளவுதான். நேற்று அவருக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். குடிக்கவில்லை, ஆறிப்போயிற்று.

பயமாக இல்லை, மாமா. பயமே வரவில்லை. அதை நினைத்தால் மட்டும் எங்கோ ஒரு மூலையில் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பிறகு அதுவும் போய்விடுகிறது. நேற்றைக்கு இன்று அவர் அடுப்புக்கு ஒரு எட்டு கிட்டே வந்திருக்கிறார். ஏதோ கேட்கப் போகிறார் போலிருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது சரியில்லை அல்லவா?

கை சோர்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் கோகிலா


ருவான்வெல்லை.
25.06.2024, பொழுது பட்ட பிறகு

கோகிலா, இதை வாசித்ததும் முதலில் சாக்கையெல்லாம் பிடுங்கி எறி. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திற. அடுப்பைக் கவனிக்கக்கூட நிற்காதே. வெளியே போ. மழையானாலும் போ. மீதியை வெளியே நின்று வாசி.

நீ பார்த்தது யாரென்று உனக்குத் தெரியும். 'நிக்கிறவன்' என்று எனக்கு எழுதியவளே நீதான். உன் தலை தெளிவாக இருந்திருந்தால் அடுத்த நிமிஷமே ஓடியிருப்பாய். காற்றில்லாத நெருப்புக்குப் பக்கத்தில் கிடந்தவனுக்குத்தான் அவன் தெரிவான். அவன் ஏதாவது கேட்டால் வாய் திறக்காதே. அவனுக்கு 'இருக்கேன்' என்று சொன்னவர்கள் யாரும் வெளியே வந்ததில்லை என்று இங்கே சொல்வார்கள், உனக்கும் தெரியும்.

புகைவீட்டில் யாரும் படுப்பதில்லையே! அதை எப்படி மறந்தேன்? நெருப்பைத் தூங்க வை, கதவை அடை என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அது சீட்டுக்குச் செய்கிற வேலை, மனுஷிக்குச் செய்கிற வேலை இல்லை என்பது தெரியாமல் போயிற்று. ஒவ்வொரு கடிதத்திலும் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நீயும் என்னை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே பூட்டிக்கொண்டாய்.

உன் கடிதம் இன்று பின்னேரம் வந்தது. புகைவீட்டு வாசலில் நின்று வாசித்தேன். உன் நம்பருக்கு அடித்தேன், அந்தப் பள்ளத்துக்குப் போகவில்லை. நஸ்லின் மிஸ்ஸின் நம்பர் என்னிடம் இல்லை. பஸ் பிடிக்க ஓடினேன். இரத்தினபுரிப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது, அந்தப் பக்கம் மண் சரிந்து கிடக்கிறது, பஸ் போகாது என்று திருப்பிவிட்டார்கள். திரும்பி வந்து புகைவீட்டு வாசலிலேயே நின்றேன். விளக்கு வைக்கிற நேரம். அவன் நிற்கத் தொடங்குகிற நேரம் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உள்ளே ஆள் இருந்தால் வாசலில் நின்று பெயரைக் கூப்பிட வேண்டும். கதவைத் திறந்து, இருட்டைப் பார்த்து, "கோகிலா!" என்று கத்தினேன்.

"இருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

உன் குரல். சத்தியமாக உன் குரல். பக்கத்தில் நின்ற பளீலுக்கும் கேட்டது, அவன் கையிலிருந்த போன் கீழே விழுந்துவிட்டது. "வெளிய வா புள்ள! வெளிய வா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மறுபடியும் "இருக்கேன்" என்று வந்தது. அதே குரல்தான், ஆனால் மெதுவாக, இன்னும் உள்ளே தள்ளி. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கம்பாக விலக்கிப் பார்த்தேன். சீட்டுகளைத் தவிர ஒன்றுமில்லை.

பளீல் லொறியை எடுக்கிறான். தண்ணீர் வற்ற வற்றப் போகலாம் என்கிறான். நானும் ஏறுகிறேன். வழியில் நான் மாட்டிக்கொண்டாலும் அவன் எப்படியாவது வருவான், அதனால் இந்தக் கடிதத்தை அவன் சட்டைப்பையில் வைக்கிறேன். அன்றைக்கு நீ கூப்பிட்டபோது நான் பதில் சொல்லியிருக்க வேண்டும், கோகிலா. கூப்பிட்டுவிட்டு வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

உயிரோடு இரு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கி. ராஜ்


பலாங்கொடை,
நஸ்லின் மிஸ் வீடு.
26.06.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று வந்துவிட்டு ஏன் உள்ளே வராமல் போனீர்கள்?

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று விளக்கு வைக்கிற நேரம். அவர் அடுப்புக்கு நேர் எதிரே வந்து நின்றார். என் பாய் நுனியில். முகம் இருக்க வேண்டிய இடத்தில் அடுப்புக் கண்ணாடி மாதிரி கறுப்பாக இருந்தது. குனிந்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பதில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது வாசலில் நின்று நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நீங்கள் புகைவீட்டுக்குள் கத்துவீர்களே, அதே கத்தல். "கோகிலா!" அவருக்குச் சொல்ல இருந்த பதிலை நான் உங்களுக்குச் சொன்னேன். "இருக்கேன்" என்றேன். சொன்னதும் கால் தானாக வாசல் பக்கம் போயிற்று. எத்தனை வருஷப் பழக்கம்! பாதி நடந்து பாதி தவழ்ந்து, சாக்கைப் பிய்த்து, கதவைத் திறந்து, புல்லில் விழுந்தேன். மழை முகத்தில் அடித்தது. குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. பூனை வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

உங்களைத் தேடினேன். முற்றத்துச் சேற்றில் என் காலடி மட்டும்தான் இருந்தது. விடியும்வரை வராந்தாவில் கிடந்தேன். மழைக்குப் பங்களா என்னவாயிற்றோ என்று பார்க்க வந்த நஸ்லின் மிஸ்தான் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அடுப்பின் நஞ்சுக் காற்று இரத்தத்தில் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாய் என்று டொக்டர் சொன்னார். ஒக்சிஜன் வைத்து, பின்னேரம்தான் விட்டார்கள். இப்போது தலை தெளிவாக இருக்கிறது. தெளிந்த பிறகுதான் அது 'நிக்கிறவன்' என்று புரிந்தது.

உங்கள் மேல் கோபம் இல்லை. நீங்கள் சொன்னீர்கள், நானும் புகைவீட்டுக்காரிதானே, யோசிக்காமல் செய்தேன். ஆனால் ஏன் போய்விட்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். மழையில் இங்கே போனும் வேலை செய்யவில்லை.

கோகிலா


பலாங்கொடை.
30.06.2024

மாமா,

உங்கள் கடிதம் இன்று காலை பளீல் கையால் வந்து சேர்ந்தது. தாள் நனைந்து, மை பரவி, இருந்தாலும் வாசிக்க முடிந்தது. இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் சாப்பிடாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருந்ததையும், நான் பிழைத்துவிட்டேன் என்று தோட்டத்து ஒபீஸ் வழியாக நஸ்லின் மிஸ் அவன் போனுக்குச் செய்தி அனுப்பிய பிறகு, அத்தனை பேர் நடுவில் நின்று அழுததையும் சொன்னான். காய்ச்சலோடு உங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியதையும் சொன்னான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

இங்கே இப்போது போன் வேலை செய்கிறது. உங்களோடு பேசலாம். ஆனால் இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதிப் பளீலிடமே தருகிறேன். அவன் இப்போதே கிளம்புகிறான்.

பங்களா அடுப்பைச் சரிபண்ண ஆள் வந்தார். தட்டைத் திறந்து, குழாயைத் தட்டி, புதுக் கயிறு போட்டார். நெருப்பு மறுபடி வெள்ளையாகச் சீறுகிறதாம், கண்ணாடி பளிச்சென்று இருக்கிறதாம். ஹாலில் ஒருவரும் நிற்கவில்லையாம். வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். நான் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். வந்து வாசலில் நிற்கிறேன். அங்கே நின்று நீங்கள் கூப்பிட்டதும் இங்கே நான் வெளியே வந்தேன், அதனால் நீங்கள் பதில் சொல்லாத அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது. இனி அதைப் பற்றி நான் பேச மாட்டேன்.

ஆனால் ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன், பளீலிடமும் கேட்டேன். புகைவீட்டுக்குள்ளிருந்து என் குரல் இரண்டு தடவை வந்தது என்கிறீர்கள். அவனும் அப்படித்தான் சொல்கிறான்.

நான் ஒரு தடவைதான் சொன்னேன், மாமா. அதற்குப் பிறகு நான் வெளியே புல்லில் கிடந்தேன். என் வாயில் வார்த்தையே இல்லை.

சனிக்கிழமை வரை உள்ளே போகாதீர்கள். சீட்டு கெட்டால் கெடட்டும். கீழ்க் கதவையும் கூரை ஜன்னலையும் முழுக்கத் திறந்து வையுங்கள். வெளியே நின்றே தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்துவிடுங்கள். அதற்குள் உள்ளேயிருந்து யாராவது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லாதீர்கள். அது என் குரலாகவே இருந்தாலும்.

கோகிலா